உண்ணாத பிள்ளையும் பேசாத சமூகமும்

யேர்மனியின் ரூர் பிராந்தியத்தில் நிலக்கரியாலும் உருக்காலும் வளர்ந்த பெருநகரம் எசன். யேர்மன் மொழியில் 'எசன்' என்ற சொல்லுக்கு உணவு என்றும் உண்ணுதல் என்றும் பொருள். நகரின் பெயர் வேறொரு பழம்பெயரிலிருந்து திரிந்து வந்ததே எனினும், யேர்மன் மொழியின் முதற் பாடங்களைக் கற்கும் எவருக்கும் இந்தப் பெயரொற்றுமை கண்ணிற் படாமற் போவதில்லை. அதே நகரின் பல்கலைக்கழக மருத்துவத் துறையொன்று, உணவு முன்னே இருந்தும் உண்ண இயலாத பிள்ளைகளைப் பற்றிய ஆய்வில் உலகளவில் பெயர் பெற்றது என்பதோ பலருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது. அந்தப் பிள்ளைகளுள் தமிழ்ப் பிள்ளைகளும் இருக்கக்கூடும் என்பதை ஏற்பதற்குப் புலம்பெயர் தமிழ்ச் சமூகம் இன்னமும் தயங்கி நிற்கிறது.

உண்ணல் கோளாறுகள் அரிதானவை அல்ல. யேர்மனியின் ரொபேர்ட் கொக் நிறுவனம் 2003ஆம் ஆண்டுக்கும் 2006ஆம் ஆண்டுக்கும் இடையில் நடத்திய நாடு தழுவிய ஆய்வில், 11 முதல் 17 வயது வரையான இளையோரில் ஏறத்தாழ ஐவருள் ஒருவரிடம் இக்கோளாறின் அறிகுறிகள் காணப்பட்டன. அறிகுறி உள்ள அனைவரும் நோயாளர் ஆகிவிடுவதில்லை. ஆயினும் நோய் முளைக்கும் நிலம் எவ்வளவு பரந்தது என்பதை அது காட்டுகிறது. இக்கோளாறுகளுக்காக யேர்மனிய மருத்துவமனைகளில் தங்கிச் சிகிச்சை பெற்ற 10 முதல் 17 வயது வரையான சிறுமியரின் தொகை 2003ஆம் ஆண்டில் ஏறத்தாழ 3,000 ஆக இருந்தது. 2023ஆம் ஆண்டில் அது ஏறத்தாழ 6,000 ஆக உயர்ந்தது. இருபது ஆண்டுகளில் இரட்டிப்பு. இவர்கள் இந்நாட்டுப் பாடசாலைகளில் பயிலும் பிள்ளைகள். தமிழ்ப் பிள்ளைகளும் அதே வகுப்பறைகளில், அதே கைத்தொலைபேசித் திரைகளின் முன், அதே உடல் அழகு பற்றிய அளவுகோல்களுக்குள் வளர்கிறார்கள்.

இக்கோளாறுகளுள் முதன்மையானவை மூன்று. முதலாவது, உடல் எடை ஆபத்தான அளவுக்குக் குறைந்த பின்னரும் எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தால் உணவைத் தவிர்க்கும் நோய். யேர்மன் மொழியில் இதனை மெலிவு வேட்கை என்ற பொருள்படும் 'மாகர்சுக்ற்' என்ற சொல்லாற் குறிப்பர். தமிழில் இதனைப் 'பசியின்மை' என்று எழுதுவோர் உளர், அது பொருந்தாது. இந்நோயாளருக்குப் பசி உண்டு. அந்தப் பசியோடுதான் அவர்கள் இரவும் பகலும் போராடுகிறார்கள். இரண்டாவது, கட்டுப்பாடிழந்து பெருமளவு உண்பதும், பின்னர் அதனை வாந்தியாகவோ வேறு வழியிலோ வெளியேற்றுவதுமான நோய். 1979ஆம் ஆண்டில் இலண்டன் மருத்துவர் ஜெரால்ட் ரசல் இதனைத் தனியொரு நோயாக விவரித்தார். மூன்றாவது, கட்டுப்பாடிழந்து உண்டாலும் வெளியேற்ற முயலாத நிலை. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013ஆம் ஆண்டில் இதனைத் தனி நோயாக ஏற்றது. முதலாவது நோய், மனநோய்கள் அனைத்திலும் இறப்பு வீதம் மிகக் கூடியவற்றுள் ஒன்றாகும். இறப்போருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தற்கொலையால் இறக்கிறார். ஆகவே இது இளமைக் காலத்துப் பிடிவாதம் என்று ஒதுக்கத்தக்க விடயமன்று.

ஆனால் தமிழ் இல்லத்தில் இந்நோய் முதலில் எப்படித் தோற்றமளிக்கிறது? புலம்பெயர் நாடொன்றில் ஒரு சாதாரண தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். பதினான்கு வயது மகள். வகுப்பில் முதல்வரிசை மாணவி. இனிப்பைக் கைவிடுகிறாள், தாய் மகிழ்கிறாள், குடும்பத்தில் நீரிழிவு உண்டு. வெள்ளிக்கிழமை விரதத்தோடு செவ்வாயும் சேர்கிறது, பாட்டி பெருமைப்படுகிறாள். அதிகாலையில் எழுந்து ஓடப் போகிறாள், தந்தை பாராட்டுகிறார். கொண்டாட்டமொன்றில் உறவினர் ஒருவர், மெலிந்து வடிவாகிவிட்டாள் என்று எல்லோர் முன்னும் சொல்கிறார். வீட்டாருக்கு அவளே ஆவலோடு சமைக்கிறாள். தான் மட்டும் பாடசாலையில் உண்டுவிட்டதாகக் கூறி எழுந்து போகிறாள். கட்டுப்பாடு, பக்தி, உழைப்பு, அடக்கம் என்று தமிழ் இல்லம் போற்றும் பண்புகள் அனைத்தும் அவளிடம் திரண்டிருக்கின்றன. நோய் அவற்றின் உடையை அணிந்துகொண்டு உள்ளே வந்து அமர்ந்துவிட்டது. வீட்டார் அதனை நோயென்று அறியும்போது பல மாதங்கள் கடந்திருக்கும்.

இவ்விடத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விரதம் நோயன்று. கந்தசஷ்டியும் கேதாரகௌரி விரதமும் நாட்குறித்துத் தொடங்கி, நாட்குறித்துப் பாறணையோடு முடிபவை. முடிவில் உணவு உண்டு, மகிழ்ச்சி உண்டு, கூடியிருக்கும் சுற்றம் உண்டு. நோயின் பட்டினிக்கு முடிவு நாள் இல்லை. அது தனிமையில் நிகழ்கிறது. உணவுக்குத் திரும்பும் நாள் நெருங்க நெருங்க அச்சம் பெருகுகிறது. வட இந்தியப் பாடசாலை மாணவியரிடம் மேலைநாட்டு வினாக்கொத்தொன்றைக் கொடுத்து ஆராய்ந்த மைக்கல் கிங், தினேஷ் புக்ரா ஆகிய மருத்துவர்கள், சமய விரதம் பற்றிய இயல்பான பதில்களே சில வினாக்களில் நோய்க்குறியாகக் கணக்கிடப்பட்டுவிடுவதை 1989ஆம் ஆண்டில் சுட்டிக்காட்டினர். மருத்துவர் விரதத்தை நோயென்று தவறாகக் கொள்ளலாம். பெற்றோர் நோயை விரதமென்று தவறாகக் கொள்ளலாம். இரண்டாவது தவறே உயிருக்கு உலைவைப்பது.

இது வெள்ளையரின் நோய், சோறு உண்ணும் சமூகத்துக்கு வராது என்ற நம்பிக்கையும் ஆய்வுகளின் முன் நிற்கவில்லை. 1988ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பிராட்போர்ட் நகரில் பாடசாலை மாணவியரை ஆராய்ந்த டேவிட் மம்போர்டும் அண்ட்ரூ வைற்ஹவுசும், உண்டு வெளியேற்றும் நோய் தெற்காசியக் குடும்பத்து மாணவியரிடையே வெள்ளை மாணவியரிலும் கூடுதலாக இருந்ததைக் கண்டனர். தொடர்ந்து வந்த அவர்களது ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. மேலைநாட்டு வாழ்வில் முற்றாகக் கரைந்த குடும்பத்துப் பிள்ளைகளைவிட, மரபை இறுகப் பற்றிய குடும்பத்துப் பிள்ளைகளிடமே பிரச்சினைக்கான அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. வீட்டுக்குள் ஒரு வாழ்வு, வாசலுக்கு வெளியே இன்னொரு வாழ்வு என இரண்டையும் நாள்தோறும் சுமக்கும் பிள்ளைக்கு, தன் விருப்பப்படி ஆளக்கூடியதாக எஞ்சியிருப்பது தன் உடல் ஒன்றுதான் என்று தோன்றிவிடுகிறது என்பதே இதற்குப் பலர் தரும் விளக்கம்.

1995ஆம் ஆண்டில் புதுடில்லியில் இருந்து வெளியான கட்டுரையொன்று ஐந்து இளம் பெண்களின் வரலாற்றை விவரித்தது. உணவை மறுத்து மெலிந்திருந்த அப்பெண்களிடம், பருத்துவிடுவோம் என்ற அச்சமோ தம் உருவத்தைத் தவறாகக் காணும் மயக்கமோ மேலைநாட்டு நோயாளரிடம் காணப்படுவதுபோல் வெளிப்படவில்லை. ஹொங்கொங்கில் சிங் லீ என்ற மருத்துவரும் இத்தகைய நோயாளர் பலரைக் கண்டு எழுதியிருக்கிறார். தமிழ்த் தாய்மாருக்கு இது முக்கியமான செய்தி. மகள் 'நான் பருமன்' என்று சொல்லமாட்டாள். 'வயிறு பொருமுகிறது', 'சாப்பிட்டால் நெஞ்சை அடைக்கிறது' என்றே சொல்வாள். வயிற்று நோயென எண்ணி மருத்துவர் மாறி மருத்துவரிடம் போவதிலேயே காலம் கழிந்துவிடும்.

நோயுற்றவரின் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதை விளங்கிக்கொள்ள, நோயற்ற மனிதரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றே பெரிதும் உதவியது. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944ஆம் ஆண்டின் முடிவில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞரைத் தெரிந்தெடுத்தார். அனைவரும் உடலும் மனமும் நலமாக இருந்தோர். போரில் ஆயுதமேந்த மறுத்துத் தாமாக முன்வந்தோர். ஏறத்தாழ ஆறு மாதங்கள் அரைப் பட்டினியில் வைக்கப்பட்ட இவர்கள், தம் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை இழந்தனர். அப்போது அவர்களது மனமும் மாறியது. எந்நேரமும் உணவையே எண்ணினர், சமையல் நூல்களைத் தேடி வாசித்தனர், உணவைச் சிறு துண்டுகளாக்கி மணிக்கணக்கில் உண்டனர், நண்பரைத் தவிர்த்தனர், சினமும் சோர்வும் மாறி மாறி வந்தன. உண்ணல் கோளாறு உள்ள பிள்ளையிடம் காணப்படும் விசித்திரப் போக்குகள் பலவும் குணக்கேடுகள் அல்ல, பட்டினி மூளைக்குச் செய்யும் வேலை என்பதற்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. 'முதலில் மனதை மாற்று, பிறகு சாப்பிடு' என்று பிள்ளையிடம் சொல்வது ஏன் பயனற்றது என்பதும் இதனாற் புலனாகிறது. மனம் தெளிவதற்கே உணவு வேண்டும்.

எசன் நகரின் பங்களிப்பு இங்கேதான் வருகிறது. டூயிஸ்பேர்க்-எசன் பல்கலைக்கழகத்தின் சிறுவர், இளையோர் மனநல மருத்துவத் துறைக்கு 2004ஆம் ஆண்டு முதல் நீண்டகாலம் தலைமை தாங்கியவர் பேராசிரியர் ஜொஹன்னஸ் ஹெபபிராண்ட். அவரது குழுவினரின் கவனத்தை ஈர்த்தது லெப்ரின் என்னும் சுரப்பு. உடலிற் கொழுப்புச் சேமிப்பு எவ்வளவு உள்ளது என்பதை மூளைக்கு அறிவிக்கும் செய்தி அது. வாகனத்தின் எரிபொருள் மானியைப் போன்றது. கொழுப்புக் கரையக் கரைய லெப்ரின் வீழ்கிறது. மூளை பஞ்சம் வந்துவிட்டதென்று கொண்டு மாதவிடாயை நிறுத்துகிறது, உடற்சூட்டைக் குறைக்கிறது, உடலை ஓயாது அலைய வைக்கிறது. எலும்பும் தோலுமான பிள்ளை ஓரிடத்தில் இருக்க இயலாமல் நடந்துகொண்டும் ஓடிக்கொண்டும் இருப்பதன் பின்னால் இச்சுரப்பின் வீழ்ச்சியும் இருக்கலாம் என்பதை, பட்டினியிடப்பட்ட எலிகளில் நடத்தி 2000ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட ஆய்வு காட்டியது. 2020ஆம் ஆண்டில் ஹெபபிராண்டும் சூரிச் நகர மருத்துவர் கபிரியெல்லா மிலோசும் பிறரும், செயற்கை லெப்ரினை மூன்று நோயாளருக்குச் சில நாட்கள் கொடுத்து, அவர்களது மனச்சோர்வும் உணவு பற்றிய ஓயாத எண்ணங்களும் விரைவிற் குறைந்ததை அறிவித்தனர். மூவரிடம் கண்டது முடிவான மருந்தாகிவிடாது. இது இன்னமும் ஆய்வு நிலையிலேயே உள்ளது. ஆயினும் நோயின் வேர் பிள்ளையின் திமிரில் இல்லை, உடலின் இயக்கத்திலும் உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

2019ஆம் ஆண்டில் பன்னாட்டு ஆய்வாளர் ஏறத்தாழ 17,000 நோயாளரின் மரபணுக்களை ஆராய்ந்து, இந்நோயோடு தொடர்புடைய எட்டு இடங்களை மரபுத்தொகுதியில் அடையாளங் கண்டனர். எசன் ஆய்வாளரும் இதிற் பங்கேற்றனர். அவற்றுட் சில மனநலத்தோடும் சில உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் தொடர்புற்றிருந்தன. வளர்ப்புப் பிழை, பெற்ற பாவம், கண்ணூறு என்று தாயை மூலையில் அமர்த்தி அழவைக்கும் உறவினர் இதனை அறிந்துகொள்வது நன்று. எந்தத் தாயும் தன் பிள்ளைக்கு இந்நோயைச் சமைத்துக் கொடுப்பதில்லை.

இத்துறையின் முன்னோடிகளுள் ஒருவரும் இதே ரைன் நிலத்தவர். எசனிலிருந்து தொலைவில்லாத டுல்கன் என்ற சிற்றூரில் 1904ஆம் ஆண்டில் யூதக் குடும்பமொன்றிற் பிறந்த ஹில்ட புரூக், நாசிகள் ஆட்சியேறிய 1933ஆம் ஆண்டில் நாட்டை விட்டு வெளியேறி, இங்கிலாந்து வழியாக அமெரிக்கா சென்ற ஏதிலி. தம்மிடம் வந்த இளம் பெண்கள் சொன்னவற்றைப் பல்லாண்டுகள் பொறுமையாகக் கேட்டு அவர் 1973ஆம் ஆண்டிலும் 1978ஆம் ஆண்டிலும் வெளியிட்ட நூல்கள் மருத்துவ உலகின் பார்வையை மாற்றின. நல்ல பிள்ளை என்று பெயரெடுத்தவர்கள், பிறரின் எதிர்பார்ப்பை நிறைவேற்றியே வளர்ந்தவர்கள், தமக்கென்று ஒரு குரல் இல்லை என்று உணர்ந்தவர்கள் இந்நோய்க்குள் அகப்படுவதை அவர் கண்டார். பெற்றோரின் தியாகத்துக்குப் பெறுபேறுகளால் ஈடுசெய்ய வேண்டும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்படும் ஏதிலிகளின் பிள்ளைகளை எண்ணும்போது, அவர் கண்டது மனதைத் தைக்கிறது.

நோய் பெண்களோடு நின்றுவிடுவதுமில்லை. 1988ஆம் ஆண்டு சியோல் ஒலிம்பிக்கில் மேற்கு யேர்மனிக்குத் தங்கம் வென்ற எண்மர் படகின் வீரர் பானே ராபே, மெலிவு வேட்கை நோயால் நலிந்து 2001ஆம் ஆண்டில் நுரையீரல் அழற்சியால் இறந்தார். வயது 37. வேல்ஸ் இளவரசி டயானா தமக்கிருந்த உண்டு வெளியேற்றும் நோயைப் பற்றி 1995ஆம் ஆண்டிற் பிபிசி தொலைக்காட்சியில் வெளிப்படையாகப் பேசினார். அது தந்த ஆறுதல் கணநேரத்தது என்றும், பின்னர் வெறுப்பே எஞ்சியது என்றும் அவர் கூறினார். இந்நோயாளரின் எடை பெரும்பாலும் இயல்பாகவே இருப்பதால் வீட்டார் அறிவதில்லை. உணவு முடிந்த கையோடு குளியலறைக்குச் செல்வது, பல்லின் மேற்பூச்சுத் தேய்வது, கன்னம் வீங்குவது ஆகியவையே தடயங்கள். குருதியிற் பொற்றாசியம் குறைந்தால் இதயம் தடுமாறி நின்றுவிடவும் கூடும்.

இனி, புலம்பெயர் இல்லங்களுக்கே உரிய ஒரு துயரத்தைப் பேச வேண்டும். மருத்துவர் யேர்மன் மொழியிற் பேசுகிறார். தாய்க்குக் கடைக்குப் போதுமான யேர்மன் மொழியே தெரியும். சட்டபூர்வ மருத்துவக் காப்புறுதி மொழிபெயர்ப்பாளர் செலவை வழமையாக ஏற்பதில்லை. ஆகவே பல்லாண்டுகளாக வீட்டின் கடிதங்களையும் அலுவலகப் படிவங்களையும் மொழிபெயர்த்துப் பழகிய பிள்ளையே இப்போதும் நடுவில் அமர்கிறாள். இம்முறை அவள் மொழிபெயர்க்க வேண்டியது தன் நோயை. 'உங்கள் மகளின் உயிருக்கு ஆபத்து' என்று மருத்துவர் சொல்வதை, 'கொஞ்சம் இரத்தம் குறைவாம் அம்மா' என்று அவள் தமிழாக்கிவிடுகிறாள். அவள் பொய் சொல்லும் இயல்பினள் அல்லள். நோய் தன்னைக் காத்துக்கொள்கிறது. அம்மா அழக்கூடாதே என்ற அன்பும் அதற்குத் துணைநிற்கிறது. மருத்துவமனை தன் கடமை முடிந்ததென்று எண்ணும். தாய் பயமில்லை என்று வீடு திரும்புவாள்.

இதனைச் சமூகம் மாற்ற இயலும். மருத்துவச் சந்திப்புக்கு வளர்ந்த ஒருவர், உறவினரல்லாத, நாவடக்கம் உள்ள ஒருவர், மொழிபெயர்ப்பாளராகச் செல்ல வேண்டும். யேர்மனியில் நாற்பதாண்டு கடந்த தமிழ்ச் சமூகத்தில் இன்று மருத்துவர்களும் தாதியரும் உளவியல் கற்றோரும் இருக்கிறார்கள். தமிழாலயங்களும் கலை மன்றங்களும் இவர்களை ஒருங்கிணைத்து, தேவைப்படும் குடும்பத்துக்கு அறிமுகம் செய்வது பெருஞ்செலவில்லாத பணி. ஹம் நகரக் காமாட்சி அம்பாள் தேர்த்திருவிழா போன்று பல்லாயிரவர் கூடும் இடங்களில், அன்னதானப் பந்தியின் அருகே, இந்நோய் பற்றிய ஒரு பக்கத் தமிழ்த் துண்டுப்பிரசுரமும் கிடைத்தால் எவருக்கும் இழுக்கில்லை.

பெற்றோர் அறிய வேண்டியவை சில. மாதவிடாய் நின்றுபோதல், எப்போதும் குளிரென்று நடுங்குதல், முடி கொட்டுதல், தலைசுற்றல், உடலை மறைக்கும் தொளதொளத்த உடை, குடும்பத்தோடு உண்பதைத் தவிர்த்தல் ஆகியவை கண்டால் காத்திருத்தல் ஆகாது. மகள் பூப்பெய்தியதை மண்டபம் எடுத்துக் கொண்டாடும் சமூகம், அதே மாதவிடாய் மாதக்கணக்கில் நின்றுவிட்டால் மருத்துவரிடம் சொல்ல வெட்கப்படுவது முரண். நெடுநாட் பட்டினி கிடந்த பிள்ளைக்கு வற்புறுத்தி ஒரேயடியாக ஊட்டுவதும் ஆபத்தானது. குருதியிற் பொசுபேற்று வீழ்ந்து இதயம் பாதிக்கப்படலாம். மிகவும் மெலிந்தோருக்கு உணவைக் கூட்டுவது மருத்துவக் கண்காணிப்பில் நிகழ வேண்டும்.

மகளை மருத்துவமனையிற் பறிகொடுத்துவிடுவோம் என்ற அச்சமும் வேண்டியதில்லை. ஆகன் நகரப் பேராசிரியர் பெயாற்ற ஹெர்பெர்ட்ஸ்-டால்மன் தலைமையில் 172 இளம் நோயாளரிடம் நடந்து 2014ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, குறுகிய காலம் மருத்துவமனையில் தங்கிய பின் பகலிற் சிகிச்சை பெற்று மாலையில் வீடு திரும்புவது, நீண்டகாலம் உள்ளே தங்குவதற்கு எவ்வகையிலும் குறைந்ததல்ல என்று நிறுவியது. இலண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையில் 1980களில் உருவான குடும்பவழிச் சிகிச்சை, பெற்றோரைக் குற்றவாளிகளாக அன்றி, மீட்சியின் முதன்மைத் துணைவராகக் கொள்கிறது. மருத்துவருக்கும் உளச்சிகிச்சையாளருக்கும் இரகசியம் காக்கும் கடமை குற்றவியற் சட்டத்திலேயே விதிக்கப்பட்டுள்ளது. கதை ஊருக்குள் போய்விடும் என்று அஞ்சி வாசலில் நிற்க வேண்டாம். குடும்ப மருத்துவரிடமிருந்து தொடங்கலாம். 116117 என்ற இலக்கத்தின் ஊடாக உளச்சிகிச்சையாளருடனான முதற் சந்திப்பைக் கேட்டுப் பெறலாம். 2025ஆம் ஆண்டு முதல் பொதுச் சுகாதாரத்துக்கான கூட்டாட்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்கும் கெல்ன் நகர அரச அமைப்பு, பெயர் கேளாமலே தொலைபேசியில் ஆலோசனை வழங்குகிறது. மயக்கம், நெஞ்சு வலி, இறப்பைப் பற்றிய பேச்சு ஆகியவை இருந்தால் 112க்கு உடனே அழைக்க வேண்டும்.

இந்நோயிலிருந்து பலர் முழுமையாக மீள்கிறார்கள். மீட்சிக்கு மாதங்களல்ல, ஆண்டுகள் தேவைப்படலாம். இளவயதில், தொடக்கத்திலேயே சிகிச்சை பெற்றோர் மீளும் வாய்ப்புக் கூடுதல். தமிழ் வீட்டின் முதல் விசாரிப்பு 'சாப்பிட்டாயா?' என்பதே. அந்தக் கேள்வியில் அளவிறந்த அன்பு இருக்கிறது. உண்ண இயலாத பிள்ளையின் காதில் அது நாள்தோறும் ஒரு விசாரணையாக விழுகிறது. அதன் அருகில் அமர்ந்து, 'உனக்கு என்ன செய்கிறது, சொல்லு, கேட்கிறேன்' என்று கேட்கும் தாயும் தந்தையும், அவர்களுக்குத் துணைநிற்கும் சமூகமும் வேண்டும். கொண்டாட்டங்களில் ஒரு பிள்ளையின் மெலிவையும் பருமனையும் நிறத்தையும் பற்றிப் பேசாதிருப்பதை இன்றே தொடங்கலாம். அதற்கு எந்த மருத்துவரின் அனுமதியும் தேவையில்லை.